ஷெட்டில் நின்றுபோன பழைய காரை ஓட வைப்பது

இருபது முப்பது வருடம் நின்ற காருக்கு முதலில் பேட்டரி வாங்காதீர்கள். செல்ப் அடித்து உறுமல் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் ரிங் உடைகிறது, பிஸ்டன் கீறுகிறது, எலி கடித்த வயரில் புகை வருகிறது. சாவி போடுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இன்றும் நிற்பவை பெரும்பாலும் 1950, 60களின் வண்டிகள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் இந்தியாவில் வண்டி பூட்டுவதை நிறுத்திய பிறகு வாங்கக் கிடைத்தவை இந்துஸ்தான், ஃபியட், ஸ்டாண்டர்ட் மூன்றும்தான். லேண்ட்மாஸ்டர், 1957ல் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாசடர், பம்பாய் ஃபியட் 1100, சென்னை ஸ்டாண்டர்ட் ஆகியவை அவை. இங்கே சொல்லும் அளவுகள் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் உள்ள அம்பாசடருக்கு. முறை எல்லாவற்றுக்கும் பொது.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் வண்டி யாருடையது என்று தீர்த்துக்கொள்ளுங்கள். வீடு பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துக் குடும்பத்துக்கு, பொது என்றால் ஷெட்டில் நிற்கும் காரும் பல நேரம் பொதுதான். ஆர்.சி. புத்தகம் ஐயா (தாத்தா) பெயரில் இருக்கும், பங்காளிகள் நான்கு ஊரில் இருப்பார்கள். எல்லோரிடமும் சம்மதக் கடிதமும் வாரிசுச் சான்றும் வாங்கிய பிறகு செலவு செய்யுங்கள். வண்டி ஓடத் தொடங்கிய மறுநாளே பங்கு கேட்டு ஆள் வருவது புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் 1985ல்தான் பிரிந்தது என்பதால் பழைய ஆர்.சி.யில் ராமநாதபுரம் என்றே இருக்கும், பயப்பட வேண்டாம். 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியை 2021ல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் யோசனை இருந்தால் இந்தப் பதிவு வேண்டாம்.

ஷெட் கதவைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். டார்ச் அடித்து சீட்டுக்கு அடி, பானெட்டுக்குள், டிக்கி என்று மூன்று இடத்தையும் பாருங்கள். எலி இருந்த இடத்தைத் தேடிப் பாம்பு வரும். ஏர் கிளீனர் கிண்ணத்திலும் சைலன்சர் வாயிலும் எலிக்கூடு இருக்கும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் பஞ்சும் நார்த்தூளும் எஞ்சினுக்குள் போகும். பாடியில் மரச்சட்டம் உள்ள இன்னும் பழைய வண்டி என்றால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் தின்ற மரம் வெளியே பெயின்ட்டோடு நன்றாகவே தெரியும், குத்தினால் மாவாக உதிரும். செம்மண் தூசியை உலர்துணியால் துடைக்கக் கூடாது, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் முழுக்கக் கோடு விழும். பித்தளைக்குப் புளி போடும் பழக்கத்தில் பம்பருக்கும் போட்டுவிடாதீர்கள். குரோம் பூச்சின் ஊசித் துளைகளில் புளியின் அமிலம் இறங்கி அடியில் துரு பிடிக்கும். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

அடுத்தது எஞ்சின் அல்ல, பிரேக். நான்கு சக்கரத்தையும் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. டிரம் வரவில்லை என்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ஓரத்தில் மரச்சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். இழுத்துப் பிடுங்கினால் ஷூ லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் எல்லாவற்றிலும் ரப்பர் கல்லாகியிருக்கும். சிலிண்டர் உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். மாரிஸ் மைனர் போன்றவற்றில், மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடித் தரைக்கு அடியில் இருக்கிறது. மிதியடியைத் தூக்காமல் தேடினால் கிடைக்காது.

ரப்பர் ஹோஸ்களை வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கித் துளை அடைத்திருக்கும். மிதிக்கும்போது அழுத்தத்தில் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். டாட் 3 அல்லது டாட் 4 ஆயில், ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊறிப் பருத்துவிடும். ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

இனி எஞ்சின். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேசைக்கரண்டி டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றுங்கள். மூன்று நாள் விடுங்கள், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. பிறகு முன் பம்பர் துளையில் ஹேண்டிலைச் செருகிக் கையால் அசையுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் உடையும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டினால் இறுக்கம் விடும். கியரில் போட்டு டிராக்டரால் இழுப்பது வேண்டாம். ஒட்டிய ரிங் உடைவது அப்படித்தான்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை இறக்குங்கள். அடியில் தண்ணீர் முதலில் வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். புது 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். நாள்பட நின்ற ஆயில் பம்ப் காய்ந்து, உறிஞ்ச மறுக்கும். அதனால் ஃபில்டர் கிண்ணத்தை ஆயிலால் நிரப்பிப் பூட்டுங்கள், வால்வு மூடியைத் திறந்து ராக்கர் மேல் கொஞ்சம் ஊற்றுங்கள். அங்கேயே டேப்பட்டையும் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பாருங்கள், எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம்.

ரேடியேட்டரைத் திறந்தால் வருவது ரசம் மாதிரி இருக்கும். தெளிவாக வரும்வரை ஹோஸ் வைத்துத் தலைகீழாக அலசுங்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடு மூடிகளை விரலால் அழுத்திப் பாருங்கள், துருப்பிடித்துப் போயிருந்தால் விரலே உள்ளே போகும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும்தான், ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர், இல்லாவிட்டால் வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீர், கூடவே கூலன்ட்.

டாங்க் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். முழுவதும் இறக்கிவிட்டு டாங்கைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். காலி டாங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங் வைக்க நீங்களாக முயலாதீர்கள், மிச்சமிருக்கும் ஆவி போதும் வெடிக்க. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயை இளக்கும், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, வண்டி நிற்கும் மாதங்களில் டாங்கைக் காலியாக வையுங்கள்.

எஸ்யூ எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் காதுதான் மீட்டர். சாவி போட்டதும் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் நின்றால் பம்ப் நலம். ஓயாமல் வேகமாக அடித்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையா, பம்ப் மேல் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கிறது. மூடியைத் திறந்து நைஸ் எமரியால் தேய்த்தால் சரியாகும்.

வயரிங்கில்தான் தீ பிடிக்கும், இதில் அவசரம் வேண்டாம். அம்பாசடர் மாதிரி மாரிஸ் வழி வந்த பழைய வண்டிகள் பலவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். ஃபியட் நெகட்டிவ் எர்த். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், எனவே பாடிக்குப் போகும் தடித்த பட்டை எந்த முனையில் மாட்டியிருந்தது என்று கிளிப்பின் அளவை வைத்துப் பாருங்கள், பிளஸ் முனை கொஞ்சம் தடிமன். பாசிட்டிவ் எர்த் வண்டியில் புது இக்னிஷன் காயில் போட்டால் அதன் பிளஸ் முனை, பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். முதல் முறை பேட்டரியை நேராகக் கொடுக்காமல், எர்த் வயருக்கு நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். லூக்காஸ் வயரிங்கில் ஃபியூஸ் இரண்டே இரண்டு, இக்னிஷன் லைனுக்கு ஃபியூஸே கிடையாது. அதனால் அந்த பல்புதான் உங்கள் காவல்.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் மேல் சாம்பல் படலம் படிந்து கரன்ட் போகாது. நைஸ் எமரியால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த அட்டையை இடையில் இழுத்து, இடைவெளியை 0.015 அங்குலம் வையுங்கள். பிளக் 0.025. சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-3-4-2. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் போன்றவை சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், அம்பாசடர் 2014 வரை தயாரானது உங்கள் அதிர்ஷ்டம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெயர்ப் பலகை, விளக்கு வளையம் மாதிரி ஏதாவது அகப்பட்டால் சரி, எஞ்சின் பாகத்துக்கு அங்கே நிற்க வேண்டாம்.

இப்போது சாவி. வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல். முதலில் பிளக் இல்லாமல் செல்ப் அடித்து ஆயில் கேஜ் ஏறுகிறதா பாருங்கள். அரை நிமிடத்தில் ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பம்ப்பை மறுபடி நிரப்புங்கள். ஏறியபின் பிளக் மாட்டி, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் அழுத்தம் ஓட்டத்தில் 50 பவுண்டு, ஐடிலில் 15க்குக் குறையாமல் இருந்தால் நல்ல எஞ்சின். முதல் பத்து நிமிடம் நீலப்புகை வருவது நாம் ஊற்றிய ஆயில் எரிவது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். கறுப்பு என்றால் சோக்கை உள்ளே தள்ள மறந்திருப்பீர்கள்.

கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, எதிரில் யாரும் இல்லாமல், டாப் கியரில் ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்தபடி பிரேக்கை இடையிடையே பட்டென்று மிதியுங்கள். டக்கென்று விடும்.

முதல் ஓட்டம் காலை ஆறு மணிக்கு, கானாடுகாத்தான் தெருக்கள் மாதிரி அகலமும் நேருமான இடத்தில், புது டயரோடு. அம்பாசடருக்கு 5.90-15. பழைய டயரில் பூ தேயாமல் இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் கழித்துவிடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள், பிறகு ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, நான்கு டிரம் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி சுட்டால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.