வளரும் ஊரில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்பது எப்படி?

முதலில் வாங்க வேண்டியது உங்கள் வார்டின் வாக்காளர் பட்டியல். போஸ்டர், பேனர் எல்லாம் அப்புறம். கூடவே வார்டு எல்லை வரைபடமும் வேண்டும். ஊர் வளர வளர எல்லைகளைத் திருத்துவார்கள். போன முறை உங்கள் வார்டில் இருந்த தெரு இந்த முறை பக்கத்து வார்டுக்குப் போயிருக்கலாம். பழைய வரைபடத்தை நம்பி ஓட்டே இல்லாத தெருவில் ஒரு வாரம் அலைபவர்கள் உண்டு.

பட்டியல் கையில் வந்ததும் கணக்குப் போடுங்கள். 3,200 வாக்காளர்கள், 60 சதவீத வாக்குப்பதிவு என்றால் விழப்போவது 1,920 ஓட்டு. நேருக்கு நேர் போட்டியென்றால் 961 வேண்டும். நான்கு பேர் நின்று ஓட்டு பிரிந்தால் 700 கூடப் போதலாம். உறுதியான ஆதரவாளர்கள் என்று நீங்கள் குறித்து வைப்பது இதைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும். தலையாட்டிய எல்லோரும் பூத்துக்கு வந்துவிடுவதில்லை.

புதிதாகக் குடிவந்தவர்களைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புதுக் குடியிருப்பில் 200 வீடு இருக்கும், பட்டியலில் 60 பேர்கூட இருக்க மாட்டார்கள். பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது என்று பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே படிவத்தோடு போய்விடுங்கள். பெயர் சேர்க்க உதவியவரை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வேட்புமனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான்: முன்மொழிபவர் வேறு வார்டுக்காரர், பட்டியலில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை, ஒரு கட்டம் நிரப்பாமல் விடப்பட்டது, சொத்து வரி பாக்கி. அரசு வேலையில் இருந்தாலோ, மன்றத்திடமே ஒப்பந்த வேலை எடுத்திருந்தாலோ பல இடங்களில் நிற்கவே முடியாது. அந்தந்த இடத்து விதியைத் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே மனுவைக் கொடுத்துவிட்டால் பிழை திருத்த நேரம் கிடைக்கும்.

இனி வீடு வீடாக. மாலை இரண்டு மணி நேரத்தில் 25 முதல் 30 வீடு முடியும். 1,200 வீட்டுக்கு ஏறக்குறைய 45 மாலைகள், ஆக மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். இருவராகப் போங்கள், ஒருவர் பேச ஒருவர் குறிக்க. ஒரு வீட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஆதரவு, ஊசலாட்டம், எதிர்ப்பு என்று பெயருக்கு எதிரே குறியுங்கள். இரண்டாவது சுற்றில் ஆதரவு, ஊசலாட்டம் என்று குறித்தவர்களிடம் மட்டும் போங்கள். எதிர்ப்பவரிடம் வாதாடி ஜெயித்தாலும் ஓட்டு வராது.

வாக்குறுதியில் அடக்கம் வேண்டும். மன்றத்தில் உங்களுக்கு இருப்பது ஒரே ஓட்டு. கடந்த மூன்று ஆண்டு பட்ஜெட்டைப் படித்து, சம்பளமும் பராமரிப்பும் போக புது வேலைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கேளுங்கள். நாளுக்கு ஒருமுறை நிரம்பும் 2 லட்சம் லிட்டர் தொட்டி, ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 2,000 பேருக்குத்தான் காணும். அதன் கீழ் 3,000 பேர் குடியேறியிருந்தால் குழாயை மாற்றி என்ன பயன்? இந்தக் கணக்கைத் தெருவில் சொல்லத் தெரிந்த வேட்பாளர் அபூர்வம்.

செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ரசீதை அன்றன்றே எழுதிவிடுங்கள். தோற்றாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டிய இடங்கள் உண்டு, தவறினால் அடுத்த முறை நிற்கத் தடை வரலாம்.

வாக்குப்பதிவு நாளில் ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு ஏஜென்ட், மாற்றாள் ஒருவர். நண்பகலில் ஆதரவாளர் பட்டியலைச் சரிபார்த்து, வராதவர்களுக்குப் போன் போடுங்கள். எண்ணும் மேசையில் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பத்து இருபது ஓட்டு என்றால் முடிவு அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். அறிவித்த பிறகு பெரும்பாலும் நீதிமன்றம்தான் வழி.