நெஞ்சுவலிக்கு எந்த மாத்திரையை எடுக்கக் கூடாது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைப் பழம் வெட்டிவிட்டு வந்தவருக்கு நெஞ்சு இறுக்கினால், வீட்டில் முதலில் தேடுவது கோடாலித் தைலம். அடுத்தது, முட்டிவலிக்கு வாங்கி வைத்த ஐபுபுரூஃபன். தைலம் நேரத்தைத்தான் தின்னும். மாத்திரைதான் வினை.

மாரடைப்பில் இதயக் குழாய்க்குள், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. ஆஸ்பிரின், தட்டணுக்களை ஒட்டத் தூண்டும் காக்ஸ்-1 நொதியின் குடைவுக்குள் நுழைந்து அதை ஒரேயடியாகப் பூட்டிவிடும். அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள், பூட்டு திறக்காது. ஐபுபுரூஃபனும் அதே குடைவில்தான் உட்காரும், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு. அது இடத்தைப் பிடித்திருக்கும்போது ஆஸ்பிரின் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ரத்தத்தில் ஆஸ்பிரின் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஐபுபுரூஃபன் எழுந்து போகும்போது பூட்டுவதற்கு ஆஸ்பிரின் மிச்சமிராது.

ஆகவே நெஞ்சுவலி என்றால் 999-க்கு அழைத்துவிட்டு, ஆஸ்பிரின் 300 மி.கி.-யை மென்று விழுங்கச் சொல்லுங்கள், 100 மி.கி. மாத்திரையானால் மூன்று. முழுசாக விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். ஆஸ்பிரின் அலர்ஜி, வயிற்றுப் புண்ணில் ரத்தம் வந்த பழக்கம் உள்ளவருக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். எது, எத்தனை மணிக்கு என்று ஆம்புலன்ஸில் சொல்லுங்கள்.

தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் முட்டிவலிக்குப் பாராசிட்டமோலோடு நிற்பது நல்லது. டாக்டர் ஐபுபுரூஃபன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மேற்பூச்சு இல்லாத சாதா ஆஸ்பிரினை முதலில் விழுங்கி அரைமணி நேரம் கழித்து அதை எடுக்கலாம். ஐபுபுரூஃபன் முந்திவிட்டால் ஆஸ்பிரினுக்கு 8 மணி நேர இடைவெளி வேண்டும். பொன்ஸ்தான், டைக்ளோஃபினாக் வகையறா வலி மாத்திரைகளும் இதய நோயாளிக்கு நல்லதல்ல. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் கூடும்.

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், வலி நிக்கட்டும்." டவுன் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. பின்புறத்தில் வலி ஊசி போட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் பெரிய மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனெக்டிபிளேஸோ ஏற்றினால், ஊசி குத்திய தசைக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கலாம். நெஞ்சுவலிக்கு இசிஜி எடுக்கும் முன் தசையில் ஊசி வேண்டாம்.

மருத்துவமனையில் நரம்பு வழி தரும் கடும் வலிநிவாரணி மார்ஃபினிலும் ஒரு சிக்கல் உண்டு. அது குடலை மந்தமாக்குகிறது. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் டிகாகிரெலோர், குளோபிடோகிரெல் மாத்திரைகள் எல்லாம் குடலுக்கு இறங்கித்தான் ரத்தத்தில் கலக்க வேண்டும். வயிற்றிலேயே தேங்கினால் என்ன பயன்? 2016-இல் வெளியான போலந்து ஆய்வில், மார்ஃபின் பெற்றவர்களுக்கு டிகாகிரெலோர் உச்ச அளவை எட்ட 2 மணிக்குப் பதில் 4 மணி நேரம் பிடித்தது. ரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவும் 36% குறைந்தது. ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்தும் இப்படித்தான். அதற்காக மார்ஃபினே வேண்டாம் என்று முரண்டு பிடிக்கக் கூடாது: தாங்க முடியாத வலிக்கு அது தேவைதான். லேசான வலிக்கு 'இன்னும் ஏத்துங்க' என்று நச்சரிப்பதுதான் தவறு. டாக்டர்கள் சில நேரம் டிகாகிரெலோரைப் பொடித்துக் கொடுப்பதும் இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான்.

மார்ஃபின் வாந்தியையும் வரவழைக்கும். மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் நோயாளி வாந்தி எடுத்தால், உடனே துடைத்துவிடாதீர்கள். மாத்திரைத் துண்டு தெரிகிறதா என்று பார்த்து, எத்தனை நிமிடமானது என்பதையும் சேர்த்து மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லுங்கள். மறுபடி கொடுப்பதா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.