நாவல் முதலிலா, படம் முதலிலா?

பெரிய நாவல் என்றால் படத்தை முதலில் பாருங்கள். சிறுகதை, குறுநாவல் என்றால் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போங்கள். இடப் பற்றாக்குறைதான் காரணம். இரண்டரை மணி நேரப் படத்துக்குத் திரைக்கதை சுமார் 150 பக்கம். கல்கியின் ஐந்து பாக ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023இல் இரண்டு படங்களாக வந்தும் எத்தனையோ வெளியே நின்றது. படித்த சூட்டோடு போனால் விட்டுப்போனதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள், பாப்கார்ன்கூட இறங்காது. ஏற்கெனவே படித்தவர்கள் படத்துக்கு முன் நாவலைப் புரட்டாமல் இருந்தாலே போதும்.

சின்னக் கதையில் நேர்மாறு, இயக்குநருக்குக் கை நீட்ட இடம் இருக்கும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மகேந்திரன் எடுத்தது ஒரு விதைதான். அவருடைய ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தின் முடிவில் நெஞ்சைப் பிசையும் அந்த ஆற்றங்கரைக் காட்சி கதையில் கிடையாது. முதலில் படித்திருந்தால்தான் அந்தத் துணிச்சல் தெரியும்.

புத்தகத்துக்குச் செலவு வேண்டாம். கல்கி, புதுமைப்பித்தன் இருவர் எழுத்தும் நாட்டுடைமை; மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் இலவசம். தாளில்தான் படிப்பேன் என்பவர்களுக்கு சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.