மொனாக்கோவில் வென்ற நீல லோட்டஸ் காரை அட்டையில் செய்யும் முறை

1961 மே 14 அன்று மொனாக்கோவில் 100 சுற்றுக் கார்ப் பந்தயத்தை ஓட்டுநர் ஸ்டெர்லிங் மாஸுக்கு வென்று தந்த லோட்டஸ் 18, லோட்டஸ் நிறுவனமே நடத்திய தொழிற்சாலை அணியின் கார் அன்று. ராப் வாக்கர் என்பவர் நடத்திய தனியார் அணியின் கார். புதிய லோட்டஸ் 21 தொழிற்சாலை அணிக்கே கிடைத்ததால், வாக்கரின் அணி முந்தைய ஆண்டு மாதிரியைக் கொண்டே ஃபெராரிகளின் ஆறு சிலிண்டர் என்ஜின்களை எதிர்கொண்டு, 3.6 விநாடி வித்தியாசத்தில் வென்றது.

செய்யத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அன்றைய வெயிலில் மாஸுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டே காரை ஓட்டினார்கள். நான் முதல்முறை செய்தபோது பக்கங்களை அழகாக மூடி, வண்ணமும் பூசிக் காயவைத்த பிறகே அந்தப் பந்தயத்தின் படத்தைப் பார்த்தேன். பிளேடால் அறுத்தெடுத்ததில் பாதிச் சட்டம் கையோடு வந்துவிட்டது.

பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு வசதியானது. முன், பின் அச்சுகளுக்கு இடையே அசல் காரில் 2286 மில்லிமீட்டர். நமக்கு 190 போதும்.

பக்கம் திறந்திருப்பதால் குழாய்ச் சட்டத்தில்தான் பாதி வேலையும் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் ஊதுபத்தி உருட்டும் வீடுகளில் கிடைக்கும், மாவு ஏற்றாத மூங்கில் குச்சிகளை உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசி, அதன் பின்னரே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு தூரிகை உள்ளே நுழையாது. மூட்டுகளில் பசை சற்றுத் திரண்டு நின்றால் வழித்துவிட வேண்டாம், அது வெல்டிங் போலவே தெரியும். அசல் காரிலும் புறப்படச் சற்று முன்னர் ஒரு குழாயில் விரிசல் தெரிய, மெக்கானிக் ஆல்ஃப் பிரான்சிஸ் பெட்ரோல் தொட்டியை ஈரத் துண்டுகளால் போர்த்திவிட்டு அங்கேயே வெல்டிங் வைத்தார்.

இருக்கைக்கு ஆம்பூரில் செருப்புத் தைப்பவர்களிடம் கேட்டால் துண்டு லைனிங் தோல் கிடைக்கும். மேல்தோலை வாங்கினால் இந்த அளவுக்கு மடியாது. மாஸ் ஏறக்குறையப் படுத்த நிலையில் ஓட்டியவர், ஆகவே முதுகுப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் கிளைமாக்ஸ் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் என்ஜினை அட்டைத் துண்டுகளை அடுக்கிச் செய்துகொள்ளலாம்.

வாக்கரின் நிறம் ஸ்காட்லாந்தின் கருநீலம், மூக்கைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. நீலத்தின் மேல் வெள்ளை எடுபடாது என்பதால் மூக்கு முழுவதையும் முதலில் வெள்ளையாக்கி, பட்டை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, மேலே நீலத்தை அடிக்க வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் இதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. நம் ஊர் நடுப்பகலில் ஸ்பிரே வண்ணம் அட்டையைத் தொடுமுன்பே காய்ந்து, தொட்டால் ரவை கொட்டியது போல் சொரசொரக்கும். காரின் பந்தய எண்ணான 20ஐ எழுதும்வரை டேப்பை விட்டுவைக்காமல், நீலம் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே மெல்ல மடக்கி உரித்தால் பட்டையின் ஓரம் கோடு கிழித்தது போல் நிற்கும்.