குறுக்குவலி காலுக்கு இறங்கினால்: வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு படிப்படியான வழி

குறுக்கில், அதாவது இடுப்பின் பின்பக்கத்தில் ஆரம்பித்து, புட்டம் வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்கிறதா? சிலருக்கு மதமதப்பு, சிலருக்கு எரிச்சல், சிலருக்கு இருமினாலோ தும்மினாலோ பளிச்சென்று ஒரு வெட்டு. இதைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு காலை நீட்டி நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருக்கிற பெண்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், அம்பாசமுத்திரம் வயல்களில் நடவு நடுகிறவர்கள், தென்காசி ரோட்டில் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாடாகப் படுத்தும் வலிதான், ஆனால் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் குறைந்துவிடும். அந்த வாரங்களை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்

சிறுநீர் வரமாட்டேன் என்கிறதா, அல்லது தெரியாமலே போய்விடுகிறதா? மலம் கட்டுக்குள் இல்லையா? தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறதா? பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடுகிறதா, காலின் பலம் நாளுக்கு நாள் குறைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். இன்றைக்கே, ராத்திரியானாலும் சரி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மாதிரி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம், அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

அந்த அளவுக்கு அவசரம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாத சில இருக்கின்றன. முதுகுவலியோடு சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், நம் ஊரில் அதை மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவர்கள், எலும்பு மெலிந்துபோன ஆச்சிமார்கள், இவர்களும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இரண்டு பாதமும் ஒன்றாக எரிந்தால் அது பெரும்பாலும் சர்க்கரையால் நரம்பு பாதித்த வேறு கதை, அதற்கு இந்தப் பயிற்சிகள் உதவாது.

உள்ளே என்ன நடக்கிறது

முதுகெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் இருக்கிறது, ஊரில் ஜவ்வு என்போம். வெளியே கெட்டியான வளையம், உள்ளே களி மாதிரி ஒரு கரு. குனியும்போது முன்பக்கம் அழுந்தி அந்தக் கரு பின்பக்கம் தள்ளப்படுகிறது, வருடக்கணக்கில் இப்படியே போனால் வளையம் நைந்து பிதுங்குகிறது. சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்த நரம்பு. எல்4 முதல் எஸ்3 வரையான வேர்கள் சேர்ந்து உண்டாவது (எல் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் என்பது அதற்குக் கீழே உள்ளது, எண் மேலிருந்து எத்தனையாவது என்பது). பிதுக்கம் அதிகம் வருவது எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற கடைசி இரண்டு இடங்களில்தான், அந்த வேர்கள் அங்கேயே இருப்பதால் இடுப்பில் நடப்பதற்குக் காலில் வலிக்கிறது. பிதுங்கியதைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்ல கரைத்துக்கொள்கிறது. பயப்படுகிறவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும்.

முதல் படி: வலியின் நுனி எங்கே?

ஒரு தாளில் காலை வரைந்து, வலி எதுவரை இறங்குகிறது என்று குறியுங்கள். அந்தக் கடைசிப் புள்ளியை நுனி என்று வைத்துக்கொள்வோம். பெருவிரல் பக்கம் மதமதத்தால் எல்5 வேர், குதிகாலும் சுண்டுவிரலும் என்றால் எஸ்1. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலு எட்டு, முன்பாதத்தில் நாலு எட்டு நடந்து பாருங்கள். ஒரு கால் மட்டும் தொய்ந்து போனால் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள், டாக்டரிடம் போக வேண்டும்.

இனிமேல் எதைச் செய்தாலும் ஒரே கேள்விதான்: நுனி மேலே ஏறியதா, கீழே இறங்கியதா? கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, தொடையிலிருந்து புட்டத்துக்கு ஏறி, கடைசியில் குறுக்கில் மட்டும் நின்றால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். அந்த நேரம் குறுக்கில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நேர்மாறாக, குறுக்கு லேசாகி நுனி பாதத்துக்கு இறங்கினால், எவ்வளவு சுகமாக இருந்தாலும் அந்த அசைவை விட்டுவிடுங்கள்.

இதைக் கவனித்துச் சொன்னவர் நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி. 1956-ல் கால்வலியோடு வந்த ஒருவர், தலைமாடு உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட, முதுகு நன்றாகப் பின்னால் வளைந்தபடி கிடந்தவருக்குச் சில நிமிடத்தில் கால்வலி போய்விட்டது. அதிலிருந்துதான் அவருடைய முறை முழுவதும் வளர்ந்தது.

இரண்டாம் படி: முதல் சில நாட்கள்

"அசையாமப் படுத்துக் கெட" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது குணமாவதை வேகப்படுத்துவதில்லை, தசை தளர்ந்து எழுந்திருப்பதே கஷ்டமாகிவிடும். வலி வெட்டும்போது 15, 20 நிமிடம் படுங்கள், எழுந்து மெல்ல நடமாடுங்கள், மறுபடி படுங்கள். இப்படி மாறி மாறி.

மல்லாந்து படுத்தால் கெண்டைக்கால் இரண்டையும் ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வேண்டும். நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவையுங்கள். வெறும் தரைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. 2003-ல் ஸ்பெயினில் நடந்த ஒரு ஆய்வில் மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே நாள்பட்ட இடுப்புவலி அதிகம் குறைந்தது. பாய்தான் வழக்கம் என்றால் பாய்க்கு மேல் இரண்டு ஜமுக்காளம் மடித்துப் போடலாம், ஆனால் தரையிலிருந்து எழுவதுதான் இந்த நேரத்தில் பெரும்பாடு. எழும்போது நேராக நிமிராதீர்கள். உடம்பு மொத்தமும் ஒரே வாட்டத்தில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, காலைக் கீழே விட்டுக்கொண்டே எழுங்கள்.

ராத்திரி முழுக்க ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதை முடிந்த மட்டும் தவிருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: குப்புறப் படுக்கும் பயிற்சி

குனிந்தால், உட்கார்ந்தால் வலி கூடி, நின்றால் நடந்தால் குறைகிறவர்களுக்கு இது. கர்ப்பிணிகள் வேண்டாம்.

1. குப்புறப் படுத்து, கையைப் பக்கத்தில் போட்டு, 2, 3 நிமிடம் சும்மா கிடங்கள். இதுவே வலித்தால் வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வைத்துத் தொடங்கி, சில நாளில் எடுத்துவிடலாம்.
2. நுனி இறங்கவில்லை என்றால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி, இன்னும் 2, 3 நிமிடம். இடுப்பு தரையில் தளர்ந்து கிடக்க வேண்டும், புட்டத்தை இறுக்கக்கூடாது.
3. அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கைகளைத் தோளுக்கு நேரே ஊன்றி, கைபலத்தால் மட்டும் மேலுடம்பைத் தூக்கி இறக்குங்கள். மேலே போனதும் மூச்சை விட்டு வயிற்றைத் தொய்யவிடுங்கள். 10 தடவை.

இதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் செய்ய வேண்டும். காலையில் ஒரேயடியாக 50 தடவை செய்துவிட்டு மீதி நாள் முழுக்க குனிந்து உட்கார்ந்திருந்தால் பலன் நிற்காது. வேலை இடத்தில் படுக்க வழியில்லாதவர்கள் எழுந்து நின்று, கைகளைக் குறுக்கில் வைத்து, 5, 6 தடவை பின்னால் சாய்ந்து நிமிரலாம். பஸ் ஸ்டாண்டில்கூட முடியும்.

வயதானவர்கள் சிலருக்கு விஷயமே தலைகீழ். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விடும், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் எவ்வளவு தூரமும் போவார்கள். இவர்களுக்கு நரம்பு போகும் குழாய் சுருங்கியிருக்கலாம், பின்னால் வளைவது ஆகாது. மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டுவருவதுதான் அவர்களுக்குச் சரி.

நான்காம் படி: நரம்பை அசைய விடுவது, நடை, பலம்

கடுமை தணிந்த பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலிக்கிற காலை மெல்ல நீட்டிக்கொண்டே தலையை மேலே தூக்குங்கள், மடக்கிக்கொண்டே தலையைக் குனியுங்கள். 10 தடவை, நிறுத்திப் பிடிக்காமல். நரம்பு சிக்கிக் கிடக்காமல் இழைந்து ஓடுவதற்கு இது. காலை நீட்டிக் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியை யாராவது சொல்லிக்கொடுத்தால் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், எரிச்சலில் இருக்கும் நரம்பை அது மேலும் இழுக்கும்.

நடை 5 நிமிடத்தில் தொடங்கி, ஒத்துக்கொள்ளக் கொள்ளக் கூட்டுங்கள். திருநெல்வேலி டவுண் நாலு ரதவீதி என்றால் விடியற்காலையில் போங்கள், பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது. கையை வீசி நடக்க வேண்டும், செருப்பு காலைவிட்டு வழுக்கக் கூடாது.

பலத்துக்கு இரண்டு போதும். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி 5 எண்ணுவது ஒன்று. நாலு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி 8, 10 நொடி பிடித்து, மறுபக்கமும் செய்வது இன்னொன்று; கனடாவில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்த மூன்று பயிற்சிகளில் இதுவும் உண்டு.

ஐந்தாம் படி: வேலையை மாற்றாமல் உட்காருவதை மாற்றுவது

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம் "பீடி சுற்றாதே" என்று சொல்லிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. சுவரில் சாய்ந்து, குறுக்குக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, புட்டத்துக்குக் கீழே கெட்டியான தலையணையோ மணையோ போட்டு முழங்காலைவிட இடுப்பு உயரும்படி உட்காருங்கள். காலை நேராக நீட்டாமல் லேசாக மடக்கி, தட்டை மடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டி மேல் ஏற்றிவிட்டால் கழுத்தும் குறுக்கும் சேர்ந்து நிமிரும். முடிந்தால் நாற்காலியும் மேசையும் இன்னும் நல்லது. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நின்று பின்னால் சாயுங்கள், தண்ணீர் குடிக்கப் போங்கள். அந்த ஒரு நிமிடத்தால் கூலி குறையாது, மதியத்துக்கு மேல் கை வேகமாக ஓடும்.

தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைப்பதை விட்டு, இரண்டு சின்ன வாளியாக இரண்டு கையிலும் பிரியுங்கள். பைக்கில் பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம், அது நரம்பு போகும் இடத்திலேயே அழுத்தும்.

எண்ணெய், அருவி, உளுந்தங்களி

வெந்நீர் ஒத்தடம் நல்லது, 15 நிமிடம் போதும். மதமதத்த இடத்தில் வைக்கும்போது சூட்டை மற்றவர் கையால் பார்த்துவிட்டு வையுங்கள், சர்க்கரை இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். குற்றாலத்தில் அருவி முதுகில் விழுந்தால் சரியாகிவிடும் என்று போகிறவர்கள் உண்டு. தசை இறுக்கத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால்வரை இழுக்கிற வலியோடு வழுக்குப் பாறையில் அந்த அடியை வாங்கப் போகாதீர்கள். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவரைக் கூப்பிட்டு முதுகில் மிதிக்கச் சொல்வதும், தெரியாதவரிடம் நெட்டி எடுப்பதும் இதைவிட ஆபத்து. எண்ணெய், தொக்கணம் (சித்த முறையில் உடம்பு பிடித்துவிடுவது), வர்மம் வேண்டும் என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து இருக்கிறது, படித்தவர்கள் பரிசோதித்துவிட்டுச் செய்யட்டும். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் நசுங்கிய நரம்புக்கு அது மருந்து இல்லை. கடையில் வலி மாத்திரையை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இடுப்பு பெல்ட் பயண நேரத்துக்கு மட்டும்.

ஸ்கேன் எப்போது?

முதல் வாரமே எம்ஆர்ஐக்கு ஓட வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வந்த கணக்கில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாழ்க்கையே போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நுனி ஏறவில்லை, அல்லது தூங்கவே விடவில்லை என்றால் எலும்பு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பாருங்கள். ஸ்கேன், ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் அப்போது பேச வேண்டியவை. போகும்போது முதல் நாள் வரைந்த தாளையும், போன வாரம் வரைந்ததையும் கையோடு எடுத்துப் போங்கள், எந்த நிலையில் கூடுகிறது, எதில் குறைகிறது, எந்த விரல் மதமதக்கிறது என்பதையும் அதிலேயே எழுதி வைத்திருந்தால் டாக்டர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.