கூட்டறிக்கையை எப்படிப் படிப்பது? இரவு டெஸ்க்கில் நான் கற்றது

2009 ஜூலை 16, வியாழக்கிழமை இரவு. எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக் நகரில் அணிசேரா நாடுகளின் மாநாடு. அதற்கு வந்த இடத்தில் மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் யூசுப் ரசா கிலானியும் சந்தித்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டிருந்தார்கள். நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணி சப் எடிட்டர். செய்தி இடத்துக்கு மேல் நீண்டுவிட்டது. எதை வெட்டலாம் என்று பார்த்தேன். பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்திலும் பிற பகுதிகளிலும் உள்ள அச்சுறுத்தல்கள் பற்றித் தங்களிடம் சில தகவல்கள் இருப்பதாகக் கிலானி குறிப்பிட்டார் என்று ஒரு வரி இருந்தது. யாரோ ஏதோ சொன்னார், அவ்வளவுதானே என்று எடுத்துவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் நாடாளுமன்றத்தில் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் சண்டை. பலுசிஸ்தானில் இந்தியா தலையிடுகிறது என்று பாகிஸ்தான் வெகுநாளாகச் சொல்லி வந்த புகாருக்கு, இந்தியப் பிரதமரே சேர்ந்து வெளியிட்ட காகிதத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. "என்ன மேடம், சாதத்தை விட்டுட்டு அப்பளத்தை மட்டும் பரிமாறிட்டீங்க" என்றார் எங்கள் தலைமை சப் எடிட்டர். அன்றிலிருந்துதான் இந்தக் காகிதங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதல் வரிக்குப் போகுமுன் தலைப்பைப் பாருங்கள். கூட்டறிக்கை என்றால் எல்லாத் தரப்பும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டியிருக்க வேண்டும். தலைவரின் அறிக்கை என்றால், கூட்டத்தை நடத்திய நாடு தன் பொறுப்பில் எழுதியது; மற்றவர்கள் முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதற்கு அதுவே பெரும்பாலும் அடையாளம். இரு நாடுகளும் தனித்தனியே செய்திக் குறிப்பு வெளியிட்டால், சேர்ந்து எழுத முடியவில்லை அல்லது முயலவே இல்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் அதுதான் தலைப்புச் செய்தி. 2001 ஜூலையில் ஆக்ராவில் பிரதமர் வாஜ்பாயும் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபும் பேசிவிட்டு எந்த அறிக்கையும் இல்லாமல் பிரிந்தார்கள். 2012 ஜூலையில் கம்போடியாவின் புனோம் பென்னில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டில் சீனாவுடன் நடந்த உரசலைக் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். அது இரு நாட்டுச் சிக்கல், இங்கே வேண்டாம் என்றது தலைமை வகித்த கம்போடியா. ஆசியானில் ஓட்டெடுப்பு கிடையாது, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் காகிதம். அந்த அமைப்பின் 45 ஆண்டு வரலாற்றில் முதல் தடவையாக வெளியுறவு அமைச்சர்கள் கூட்டறிக்கை இல்லாமல் ஊர் திரும்பினார்கள். 2025 ஜூனில் சீனாவின் சிங்தாவ் நகரில் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் பாதுகாப்பு அமைச்சர்கள் கூடியபோதும் இதே கதை. பஹல்காம் தாக்குதல் வரைவில் இல்லை என்று ராஜ்நாத் சிங் கையெழுத்திட மறுக்க, கூட்டறிக்கை வரவில்லை.

சரி, காகிதம் கையில் இருக்கிறது. ஒரு பென்சில் எடுத்து ஒவ்வொரு வரியின் எழுவாயையும் வட்டமிடுங்கள். "இரு தரப்பும்" என்று தொடங்கினால் அது இருவரின் சொத்து. ஒரு நாட்டின் பெயரோ தலைவரின் பெயரோ வந்தால் அது அவர் மட்டும் சொன்னது, மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சொன்னதைக் காகிதத்தில் ஏற்ற மற்றவர் சம்மதித்திருக்கிறார். இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் 2009இல் கோட்டைவிட்டேன்.

அடுத்து வினைச்சொல். "கவனத்தில் கொண்டன" என்பது கல்யாண வீட்டில் பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்பது மாதிரி. "வரவேற்றன" என்பது அதைவிட ஒரு படி மேல். "ஒப்புக்கொண்டன" வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். பேச்சு "வெளிப்படையாக" நடந்தது என்றால் குரல் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் பத்திரிகைகளில் இது அத்தனையும் "தெரிவித்தன" என்று ஒரே சொல்லாகிவிடுகிறது. நானும் பல வருடம் அப்படிச் செய்தவள்தான்.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற எடுத்துக்காட்டு 1972 செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் வெளியான ஜப்பான்-சீனக் கூட்டறிக்கை. தைவான் தன் நிலத்திலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்று அதில் சீனா சொல்கிறது. ஜப்பான் அந்த நிலைப்பாட்டை "முழுமையாகப் புரிந்துகொண்டு மதிக்கிறது". ஏற்கிறது என்று இல்லை, பாருங்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் டோக்கியோ அந்த இரண்டு வினைச்சொற்களை விட்டு நகரவில்லை.

அந்த அறிக்கைக்காக ஜப்பானியத் தரப்பு பெய்ஜிங் போயிருந்தபோது நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அறிக்கைக்கு நான்கு நாள் முன்பு விருந்தில் பேசிய ஜப்பானியப் பிரதமர் தனாகா ககுவேய், போர்க்காலத்தில் சீன மக்களுக்குத் தன் நாடு பெரும் "மெய்வாகு" (ஜப்பானியத்தில் தொல்லை, சிரமம் என்பதுபோன்ற சொல்) கொடுத்துவிட்டதாக வருந்தினார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சீனத்தில் "மாஃபான்" என்றார். தொந்தரவு என்பதுபோன்ற சொல். தெரியாமல் ஒரு பெண்ணின் பாவாடையில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சொல்கிற வார்த்தையல்லவா இது என்று சீனப் பிரதமர் சோ என்லாய் மனத்தாங்கல் கொண்டார். கடைசியில் கூட்டறிக்கையில் ஏறிய வரி வேறு: போரால் சீன மக்களுக்கு இழைத்த பெரும் சேதத்துக்கான பொறுப்பை ஜப்பான் ஆழமாக உணர்ந்து, தன்னைத்தானே கடிந்துகொள்கிறது. சீனா தன் பங்குக்குப் போர் இழப்பீடு கேட்பதைக் கைவிட்டது. இடைப்பட்ட நான்கு நாளில் அந்த ஒரு சொல்லை மாற்ற எத்தனை பேர் தூக்கமிழந்திருப்பார்கள் என்று, ராத்திரி ஒரு மணிக்குச் சொல் தேடி உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில், நான் நினைத்துப்பார்ப்பதுண்டு.

மொழி விஷயத்தில் எல்லாமே தவறி நடப்பதில்லை. தெரிந்தே வைக்கிற மங்கலும் உண்டு. 1965 ஜூன் 22 அன்று ஜப்பானும் தென்கொரியாவும் செய்துகொண்ட அடிப்படை உறவு ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவைப் படியுங்கள். கொரியாவை ஜப்பானோடு இணைத்த ஒப்பந்தம் கையெழுத்தான 1910 ஆகஸ்ட் 22 அன்றோ அதற்கு முன்போ இரு பேரரசுகளும் செய்த ஒப்பந்தங்கள் "ஏற்கெனவே செல்லாதவை" என்கிறது. எப்போதிலிருந்து ஏற்கெனவே? கொரியாவைக் கேட்டால் கையெழுத்தான நாள் முதலே, ஏனென்றால் அது மிரட்டி வாங்கியது. ஜப்பானைக் கேட்டால் அன்று செல்லும், பின்னாளில்தான் செல்லாமல் போனது. இரு அரசுகளும் தத்தம் நாடாளுமன்றத்தில் தத்தம் அர்த்தத்தைச் சொல்லிக்கொண்டன. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. "ஏற்கெனவே" இல்லாமல் அந்த ஒப்பந்தமே இல்லை என்பது என் கட்சி. ஆகவே ஒரு வரி இரண்டு அர்த்தம் தந்தால், அது அவசரத்தில் எழுதியது என்று முடிவுகட்டாதீர்கள்.

இனி பழைய காகிதம். நான் ஒரு அட்டைப்பெட்டியில் நாடுவாரியாகப் போட்டுவைத்திருந்தேன். இப்போது நம் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே தேடலாம். அதே இரு நாடுகளின் முந்தைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, போன தடவை இருந்து இந்தத் தடவை காணாமல் போனது எது என்று தேடுங்கள். இந்தியா-சீன அறிக்கைகளில், தைவானும் சேர்ந்ததுதான் சீனா என்கிற "ஒரே சீனா" கொள்கை வழக்கமாக இடம்பெற்று வந்தது. 2010 டிசம்பரில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் டெல்லி வந்தபோது வெளியான அறிக்கையில் அது இல்லை. காஷ்மீரை இந்தியாவின் பகுதியாக ஏற்காததுபோல், காஷ்மீர் மக்களுக்குச் சீனா பாஸ்போர்ட்டில் அல்லாமல் தனித்தாளில் விசா கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கொள்கை மாறிவிட்டது என்று டெல்லி அறிவிக்கவில்லை, சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டது. அது சீனாவை எவ்வளவு உறுத்தியது என்பது 2025 ஆகஸ்டில் தெரிந்தது. சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லிக்கு வந்தபோது, தைவான் சீனாவின் பகுதி என்று இந்தியத் தரப்பு சொன்னதாகச் சீனக் குறிப்பில் வந்தது. எங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை என்று டெல்லி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

கடல், தீவுப் பெயர்களைக் கண்ணில் படும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தென்சீனக் கடல் வியட்நாமுக்குக் கிழக்குக் கடல், அதில் தன் பக்கம் உள்ள பகுதி பிலிப்பைன்சுக்கு மேற்குப் பிலிப்பைன் கடல். 2017இல் இந்தோனேசியா தன் பகுதிக்கு வட நதுனா கடல் என்று பெயர் வைத்தது. எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தாலே, வரைவு யார் மேசையிலிருந்து புறப்பட்டது என்பது பாதி விளங்கிவிடும்.

பழகிப்பார்க்க வேண்டுமென்றால் 2025 ஆகஸ்ட் 31 அன்று தியன்ஜினில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்ததைப் பற்றிய இரண்டு குறிப்புகளையும் எடுங்கள். கூட்டறிக்கை இல்லை, தனித்தனிக் குறிப்புகள்தான். இரண்டும் அதிக நீளமில்லை. எல்லை என்ற சொல் வரும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். உறவு தொடர்ந்து வளர எல்லையில் அமைதி முக்கியம் என்று பிரதமர் வலியுறுத்தியதாக இந்தியக் குறிப்பு சொல்லும். எல்லைச் சிக்கலே மொத்த உறவையும் தீர்மானிக்க விடக்கூடாது என்று ஷி சொன்னதாகச் சீனக் குறிப்பு சொல்லும். முதலில் மொழிபெயர்க்காதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எது எதற்கு நிபந்தனை என்று ஒரு வரி தமிழில் எழுதிப்பாருங்கள். அப்புறம் தலைப்பு போடலாம்.