வெளிநாட்டு மாணவரின் கட்டுரையைத் திருத்தும்போது

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டிஏ (பேராசிரியருக்கு உதவும் கற்பித்தல் உதவியாளர்) வேலை கிடைத்து, இளங்கலை மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தப் போகிறீர்களா? வகுப்பில் சீனா, கொரியா, வியட்நாம், சவுதி என்று பல ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தாளைப் பார்த்ததும் சிவப்பு மையால் சுழிக்கக் கை போகும். போக விடாதீர்கள்.

முதல் தடவை, என்ன சொல்ல வருகிறார் என்பதற்காக மட்டும் முழுக்கப் படியுங்கள். கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாரா, சொன்னதற்கு ஆதாரம் காட்டியிருக்கிறாரா என்று பார்த்து அதைப் பற்றி இரண்டு மூன்று வரி எழுதுங்கள். மொழி அப்புறம். இலக்கணத் திருத்தத்தால் பயனே இல்லை, விட்டுவிடலாம் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். அதே துறை ஆய்வாளர் டானா ஃபெரிஸ் அதை மறுத்தார், அந்த விவாதம் வருடக்கணக்கில் ஓடியது. என் கட்சி நடுவில்தான்: திருத்துங்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அர்த்தத்தைக் குழப்புகிற பிழைகளில், திரும்பத் திரும்ப வருகிற இரண்டு வகையை மட்டும் எடுங்கள். எழுவாய்க்கும் வினைக்கும் பொருந்தாதது போல விதி உள்ள பிழையென்றால் அடிக்கோடு மட்டும் போட்டு அவரையே திருத்தச் சொல்லலாம். ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்', 'அட்' (in, on, at) தவறினால் சரியான சொல்லை நீங்களே எழுதிக்கொடுங்கள், யோசித்துக் கண்டுபிடிக்க அங்கே விதி அதிகம் கிடையாது. 'எ', 'தி' (a, the) விட்டுப்போனதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். சீனம், கொரியம், ரஷ்யன், ஏன் தமிழிலும்கூட அவை இல்லை, பழக வருடங்கள் ஆகும்.

பாதிப் பிரச்சினை நாம் கொடுக்கும் கேள்வியிலேயே இருக்கிறது. 'விமர்சன நோக்கில் விவாதிக்கவும்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எழுத்தில் விளக்குங்கள், முந்தைய பருவத்தின் நல்ல கட்டுரை ஒன்றை அனுமதி வாங்கிக் காட்டுங்கள், மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கொடுங்கள். சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) தெரிந்தால்தான் புரியும் உதாரணம் வேண்டாம். வகுப்பில் பேச வைக்க விரும்பினால் கேள்வியை முதல்நாளே அனுப்பிவிடுங்கள், வாயே திறக்காதவர்கூடத் தயாராக வருவார்.

இப்போது பெரிய விஷயம், காப்பி அடித்தார், ஏஐ எழுதிக்கொடுத்தது என்கிற சந்தேகம். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு ஏஐ கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள், சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று தவறாக வந்தது. எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களில் எழுதினாலே அந்தக் கருவிகள் சந்தேகப்படுகின்றன. ஆகவே அதன் முடிவை வைத்து யார் மீதும் புகார் எழுதாதீர்கள். வரைவுகளைக் கேளுங்கள், உட்கார வைத்துப் பேசுங்கள். மேற்கோள் காட்டும் முறையை முதல் வாரங்களிலேயே வகுப்பில் செய்துகாட்டுங்கள், மனப்பாடப் படிப்பிலிருந்து வந்தவருக்கு அது புதுப் பாடம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் பொதுவாகப் பருவத்துக்கு 12 கிரெடிட் (பாடச் சுமையின் அளவு) படித்தாக வேண்டும். முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே போனால் விசா நிலையே போய்விடும். அதனால் 'கஷ்டமாக இருந்தால் டிராப் செய்துவிடு' என்று சாதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

தனியாகப் பேசும்போது 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். 'சரி, அடுத்து எந்தப் பத்தியை மாற்றப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். ரைட்டிங் சென்டருக்கு (எழுத்துக்கு ஆலோசனை தரும் பல்கலைக்கழக மையம்) அனுப்பும்போதும் சும்மா 'போய்ப் பார்' என்றால் பிழை திருத்தித் தருவார்கள் என்று நம்பிப் போய் ஏமாந்து திரும்புவார், பெரும்பாலான இடங்களில் அதைச் செய்ய மாட்டார்கள். 'மூன்றாவது பத்தியில் என் வாதம் தெளிவாக இருக்கிறதா?' என்பது போல ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கையில் கொடுத்து, நேரத்தையும் உங்கள் முன்னாலேயே பதிவு செய்ய வையுங்கள்.